கடைசி நாள்களில் ஒரு துணை: யாரை, எங்கே தேடுவது?

பல ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா வீட்டில்தான் காலமானார். கடைசி இரவில் உறவினர்கள் வரிசையாக வந்து அவர் வாயில் ஆளுக்கு ஒரு கரண்டிப் பால் ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் அவருக்குப் புரையேறியது. "ஏதோ ஆசை தீரவில்லை, அதனால்தான் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது" என்றார் ஒரு மாமா. நாங்களும் நம்பினோம், மேலும் ஊற்றினோம். விழுங்கும் திறன் போன பிறகு ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் என்பது அந்த அறையில் இருந்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவரைத் தவிக்க வைத்தது ஆசை அல்ல, நாங்கள்தான்.

அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு மருந்து அல்ல. "பாலை உதட்டில் தொட்டு வையுங்கள், அது போதும்" என்று சொல்ல ஓர் ஆள். அப்படிப்பட்டவருக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது: மரண டூலா.

'டூலா' என்பது பணிப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முதலில் பிரசவத்தின்போது தாய்க்குத் துணை நிற்பவரை அப்படி அழைத்தார்கள். 2003இல் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் அதே முறையை இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்கும் கொண்டு வந்தார். டூலா ஊசி போடுவதில்லை, மருந்து தருவதில்லை. பக்கத்தில் அமர்கிறார், நோயாளி பேசுவதைக் கேட்கிறார், அவர் விருப்பங்களைக் குறித்து வைக்கிறார், குடும்பத்தினர் இரண்டு மணி நேரம் கண்ணயர வழி செய்கிறார். நடப்பது என்னவென்று விளக்குகிறார்.

அந்த விளக்கம்தான் முக்கியம். இறக்கும் உடல் தனக்கென ஓர் ஒழுங்கில் ஓய்கிறது. தூக்கம் கூடுகிறது, பசி போகிறது, சிறுநீர் குறைகிறது, கைகால் குளிர்கிறது. மூச்சு சில நொடிகள் நின்று மீண்டும் வருகிறது. தொண்டையில் கேட்கும் கரகரப்பு, விழுங்க முடியாமல் தேங்கும் எச்சிலின் ஒலி. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் குறையும். சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால்தான் சாப்பிடவில்லை. வற்புறுத்தி ஊட்டுவதைவிட, ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பதே உதவி.

காதில் பேசுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். 2020இல் கனடாவின் வான்கூவரில் வெளியான ஓர் ஆய்வில், அசைவற்றுக் கிடந்த சில நோயாளிகளின் மூளை, கடைசி மணி நேரங்களிலும் ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. அவர்களுக்குப் பொருள் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனால் பேசுவதால் நமக்கு நட்டம் இல்லை.

சரி, உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒருவரை எப்படித் தேடுவது? என் கருத்து இது: டூலாவை முதலில் தேடாதீர்கள். முதலில் ஹோஸ்பிஸைத் தேடுங்கள். டூலா தொழிலுக்கு நம் நாட்டில் உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஹோஸ்பிஸ் அப்படியல்ல. அங்கே மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள், வலிக்கு மருந்து இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து பார்க்கிறது. பினாங்கு ஹோஸ்பிஸ் சங்கமும் ஈப்போவில் பேராக் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கமும் இயங்குகின்றன. அரசு மருத்துவமனைகளில் இதற்கான முதல் பிரிவு 1995இல் கோத்தா கினாபாலுவில் அமைந்தது. செலாயாங் மருத்துவமனையிலும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் "நோய்த்தணிப்புப் பிரிவுக்குக் கடிதம் தாருங்கள்" என்று நீங்களே கேட்கலாம்.

"அங்கே அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அப்பா நினைப்பாரே" என்று நீங்கள் தயங்கலாம். 2010இல் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம்; பெறாதவர்களுக்கு 8.9 மாதம். அவர்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. ஆக, தயங்குவதால்தான் இழப்பு. அப்படியிருந்தும், உலக அளவில் இந்தப் பராமரிப்பு தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஹோஸ்பிஸ் தாதி எல்லா இரவும் உங்கள் வீட்டில் இருக்க முடியாது. அந்த இடைவெளியில் டூலா பயன்படுவார். அமர்த்தும் முன் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? இதுவரை எத்தனை குடும்பங்களுடன் இருந்திருக்கிறீர்கள்? ஹோஸ்பிஸ் தாதியோடு சேர்ந்து வேலை செய்வீர்களா? கட்டணம் எவ்வளவு, எழுதித் தருவீர்களா? தமிழ் பேசுவீர்களா? கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். நினைவு தடுமாறும்போது பலர் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினை நிறுத்தச் சொல்பவரை, சொத்து விவகாரத்தில் மூக்கை நுழைப்பவரை, உங்கள் வழிபாட்டை மாற்ற முனைபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் தரும் மார்ஃபின் மரணத்தை முந்தி வரவழைப்பதில்லை. இன்னொன்று: வீட்டில் இறப்பு நேர்ந்தால் அடக்க அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அப்போது என்னென்ன தாள்கள் தேவை என்பதை ஹோஸ்பிஸில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நமக்குத்தான் குடும்பம் இருக்கிறதே, வெளியாள் எதற்கு?" என்பது நியாயமான கேள்விதான். பெரியம்மாவைச் சுற்றியும் பத்துப் பேர் இருந்தோம். அன்புக்குக் குறைவில்லை, விவரம்தான் இல்லை. இன்று அந்தப் பத்துப் பேரும் இல்லை. பிள்ளைகள் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஜொகூரில்.

நம் சமூகத்தில் ஒருவர் இறந்த பிறகு பந்தல் போட, பறை அடிக்க, சமைக்க, காரியம் செய்ய ஆள்கள் அரை மணியில் வந்துவிடுகிறார்கள். இறப்பதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குத்தான் யாரும் இல்லை. கோயில் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் பணி ஓய்வு பெற்ற தாதியரை அழைத்து, ஹோஸ்பிஸ்களின் உதவியோடு ஒவ்வொரு தாமானிலும் நாலைந்து பேருக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? அதற்கு டூலா என்று பெயர் வைக்கக்கூட வேண்டாம்.

அதுவரை, இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள ஹோஸ்பிஸின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவரிடம், அவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே, "கடைசியில் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் பெரியம்மாவிடம் கேட்கவே இல்லை.