கால்கள் காக்கும் வழிகள்

மாந்தர்க்கு இயற்கை அளித்த ஊர்திகளுள் முதன்மையானவை இரு கால்களே. குழந்தை நடக்கக் கற்றவுடன் ஓடத் தொடங்குகின்றது. 'ஓடாதே, விழுந்துவிடுவாய்' என்று தடுப்பவர் பெரியோரே. அங்ஙனம் தடுக்கப்பட்ட ஓட்டத்தைப் பிற்காலத்தில் மருத்துவர் சொல்லக் கேட்டு மீண்டும் பயில்கின்றோம். இன்று மதுரை மாநகரில் வைகறையில் எழுந்து ஓடுவோரைப் பல தெருக்களிலும் காண்கின்றோம். இஃது உவக்கத்தக்கதே. ஆயினும், எவ்வளவு தொலைவு ஓடுகின்றோம் என்னும் வினாவினும், எங்கே ஓடுகின்றோம் என்னும் வினா பெரிதாகும். காட்டோரமும் பூங்கொல்லையோரமும் செல்லும் நாட்டுப்புறத் தடங்களில் ஓடுதலே சிறந்தது என்பதும், அத்தடங்களைக் காப்பன அவற்றின்மேல் நாள்தோறும் படும் கால்களே என்பதும் எம் கருத்தாகும்.

வழியைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. 'ஆறு' என்னும் சொல் நீர் செல்லும் நெறிக்கும் மாந்தர் செல்லும் நெறிக்கும் பொதுவாக நின்றது. வழிப்படுத்துதலையே பொருளாகக் கொண்டு 'ஆற்றுப்படை' என்னும் இலக்கிய வகையையும் நம் முன்னோர் கண்டனர். அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர்க்கு மலைவழியின் வளத்தை உரைப்பதோடு, வழுக்கும் பாறைகளையும் பாம்பு உறையும் இடங்களையும் சுட்டி எச்சரிக்கவும் செய்கின்றது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மதுரை நோக்கி வரும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி கூறுகின்றான். கொடும்பைக் குளத்தருகே நெறி சூலம்போல் மூன்றாகப் பிரிகின்றது. வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியும், இடப்பக்க வழி இன்று அழகர்மலை எனப்படும் திருமால்குன்றத்தை ஒட்டியும் செல்ல, நடுவழி காடும் ஊரும் மாறிமாறி வர இடையே செல்கின்றது. எவ்வழியில் எம்மரம் நிற்கும், எப்பயிர் விளையும் என்பதையெல்லாம் அவன் விரித்துரைக்கின்றான். தொலைவை மட்டும் கூறி அமையாது, அழகையும் இடரையும் சேர்த்துக் கூறுவதே வழிகூறுதல் என அக்காலத்தார் கொண்டனர்.

அத்தகைய வழிகள் இன்றும் நம்மைச் சூழ்ந்துள்ளன. வையையின் வடகரையில், திருவாப்புடையார் கோயில் கொண்டுள்ள செல்லூரினின்று புறப்படுவோம். கோரிப்பாளையமும் தல்லாகுளமும் கடந்து, மூன்றுமாவடி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் அழகர்கோயிலை அடையலாம். மதுரைக்கும் அக்கோயிலுக்கும் இடையே ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அரை மாரத்தான் எனப்படும் ஓட்டப்போட்டியின் தொலைவும் 21 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்தது. ஓட்டம் பயில்வோர்க்கு இதனினும் பொருத்தமான வழி வேறு யாது? ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இச்சாலை வழியாகவே எழுந்தருளி வையையில் இறங்குகின்றார். சாலை முடியும் இடத்தில் மலை, மலையின்மேல் காடு, காட்டினிடையே சிலம்பாறு. மதுரைக்குக் கிழக்கே, படுத்திருக்கும் யானைபோல் யானைமலை தோன்றும். அதன் அடியில் நரசிங்கத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் உண்டு. மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலையும், அதன் அடிவாரத்தில் தாமரைக் குளமும் உள்ளன. திசைதோறும் ஒரு குன்று; குன்றுதோறும் ஒரு வரலாறு.

நறுமலர் பூத்த நிலத்தினூடே செல்லும் இன்பத்தைப் பிறநாட்டாரும் நன்கு அறிவர். பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியாகிய புரோவான்சில், லாவண்டர் என்னும் ஊதாநிற மலர்ச்செடி கோடையில் வயல்வயலாகப் பூக்கின்றது. அவ்வயலோரங்களில் நடக்கவும் ஓடவும் தொலைநாட்டாரும் விரும்பிச் செல்கின்றனர். நம் நாட்டிலும் ஜம்முப் பகுதியின் பதர்வாவில், மக்காச்சோளம் விளைத்த உழவர் பலர் இன்று இச்செடியைப் பயிரிடுகின்றனர். அவை காணத்தக்கனவே. ஆயின், மலர்நாட்டைக் காண மதுரையார் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காடு சார்ந்த நிலத்திற்கு ஒரு மலரின் பெயரையே இட்டு 'முல்லை' என வழங்கியவர் தமிழர். அம்முல்லைக்கு இனமாகிய மல்லிகை, மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்க் கொல்லைகளில் செழித்து வளர்கின்றது. 2013-ஆம் ஆண்டில் மதுரை மல்லி புவிசார் குறியீடும் பெற்றது. மல்லிகையை மலர்ந்தபின் பறித்துப் பயனில்லை. முதிர்ந்த அரும்பாக இருக்கும்போதே விடியலில் பறித்தல் வேண்டும். ஆகவே, ஓடுவோர் புறப்படும் பொழுதும் பூப்பறிப்போர் கொல்லையில் குனிந்து நிற்கும் பொழுதும் ஒன்றே. தலையில் சூடும் பூவுக்குப் பின்னால் எத்துணைக் கைகளின் உழைப்பு உள்ளது என்பதை அங்கே செல்வோர் கண்ணாற் காண்பர்.

'ஓடுதற்கு விளையாட்டுத் திடல் போதாதோ?' எனச் சிலர் வினவலாம். திடல் விரைவைக் கற்பிக்கும். அதனை யாம் பழிக்கவில்லை. ஆயின், திடலில் ஒரே வட்டத்தைப் பன்முறை சுற்றுகின்றோம். நாட்டுப்புறத் தடத்திலோ ஒவ்வோர் அடியும் புதிய நிலத்தில் படுகின்றது. மேடும் பள்ளமும் மாறிவரும் மண்தடத்தில், அடியை அளந்து வைக்கும் விழிப்பும் கணுக்காலுக்கு உறுதியும் ஒருங்கே வாய்க்கின்றன. வேறு சிலர், 'ஓட்டம் செல்வர்தம் பொழுதுபோக்கு. நல்ல காலணிக்கே பெரும்பொருள் வேண்டும்' என்பர். 1960-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடியே வென்றார். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்த ரேவதி வீரமணி, இளமையில் பெற்றோரை இழந்து, பாட்டியின் உழைப்பால் வளர்ந்தவர். வெறுங்காலுடன் ஓடத் தொடங்கியவர். அவரே 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், ஆடவரும் மகளிரும் சேர்ந்து ஓடும் தொடரோட்டத்தில் இந்திய அணியில் ஓடினார். ஓட்டத்திற்கு முதற்பொருள் ஊக்கமே.

இவற்றினும் பெரியதொரு காரணம் உண்டு. காலால் அறிந்த நிலத்தைக் கைவிட மனம் ஒப்பாது. ஊர்தியில் விரைவோர்க்குக் குன்று வெறுங்கல்லாகவும், கண்மாய் வெறும் பள்ளமாகவும் தோன்றும். வெறுங்கல் என்று எண்ணப்பட்ட குன்று உடைபடும். வெறும்பள்ளம் என்று எண்ணப்பட்ட கண்மாய் மேடாகும். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் எண்ணம் எழுந்தபோது அடிவாரத்து ஊரார் அதனை எதிர்த்தனர். அதனையொட்டி 2010-இல் தோன்றிய 'பசுமை நடை' என்னும் குழு, மதுரைக் குன்றுகளுக்கு மக்களைக் கால்நடையாக அழைத்துச் சென்று அவற்றின் வரலாற்றை உணர்த்தியது.

மேலூரை அடுத்த அரிட்டாபட்டியின் செய்தி இதனினும் தெளிவானது. 7 குன்றுகளும் 72 நீர்நிலைகளும் கொண்ட பகுதி அது. ஏறத்தாழ 250 பறவையினங்கள் அங்கே காணப்படுகின்றன. பழந்தமிழ்க் கல்வெட்டும் பாண்டியர்காலக் குடைவரையும் அங்கு உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம், தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024-இல், அரிட்டாபட்டியையும் உள்ளிட்ட 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டது. ஊரார் வாளாவிருக்கவில்லை. 2025 சனவரி 7-ஆம் நாள் நரசிங்கம்பட்டியினின்று மதுரைத் தல்லாகுளம் வரை மக்கள் பேரணியாகச் சென்றனர். அத்திங்கள் 23-ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது. சுனைதோறும் சென்று நீர் அருந்தியவரும், குன்றுதோறும் ஆடு மேய்த்தவரும் ஆகிய அம்மக்கள், தம் நிலத்தைக் காலால் அறிந்தவர். ஆகலின் அதன் பொருட்டுக் காலால் நடக்கவும் துணிந்தனர்.

ஈண்டு ஓடுவோர் மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அத்தடங்களை ஆக்கியவர் புல்லுக்கட்டும் பூக்கூடையும் சுமந்து சென்ற உழவர்களே. ஓடுவோர் அவர்தம் விருந்தினர். விருந்தினர்க்கு விருந்தினர் ஒழுக்கம் வேண்டும். வரப்பை மிதித்து உடைத்தலும், ஞெகிழிக் குப்பியை எறிந்து செல்லுதலும், பறவை அடையும் மரத்தடியில் ஆரவாரம் செய்தலும் தகா. காப்புக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றிப் புகுதலும் கூடாது. ஆள்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. சாலையை அகலப்படுத்துங்கால் ஊர்திக்கு இடம் அளப்பதுபோல், நடப்போர்க்கும் ஓடுவோர்க்கும் ஓரத்தில் மண்தடம் ஒன்று விட்டு, அதற்கு நிழலாக மரமும் வைத்தல் வேண்டும். ஊர்திகள் உராய்ந்து செல்லும் சாலையில், எத்துணை அழகு இருப்பினும் சிறுவரைத் தனியே ஓடவிடப் பெற்றோர் துணியார்.

மாணவர்களே! உங்கள் ஊரைச் சுற்றி உள்ள குன்று எது, கண்மாய் எது, காலையில் பூப்பறிக்கும் கொல்லை எது என்பதை நூலிற் படித்து அறிவதோடு அமையாதீர். விடுமுறை நாளில் பெரியோர் துணையுடன் காலையில் புறப்படுங்கள்; ஓட இயன்றவரை ஓடி, இயலாதபோது நடந்து செல்லுங்கள். வழியில் நிற்கும் மரத்தின் பெயரை ஆங்குள்ளாரைக் கேட்டு அறியுங்கள். யாரும் நடவாத வழியில் முதலில் முள் முளைக்கும். பின்னர் வேலி முளைக்கும். நடக்கும் வழியோ தலைமுறை கடந்து நிற்கும்.