கோக் பாட்டில் எங்கே போச்சு?

'காசு போடுறவன் சொல்றபடி கதை இருந்தா என்ன சார் குடி முழுகிடும்?' என்று கேட்கும் டிவிக்காரர்களுக்கு ராட் ஸெர்லிங்கின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். கைதான இரண்டு வெள்ளையர்களையும், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. கொதித்துப்போன ஸெர்லிங் ஒரு டிவி நாடகம் எழுதினார். அவர் ஒன்றும் புது ஆள் இல்லை. அந்த வருஷம்தான் 'பேட்டர்ன்ஸ்' நாடகத்தால் நாடெங்கும் பெயர் வாங்கியிருந்தார்.

ஜாக்கிரதையான ஆள்தான். கொல்லப்படுபவரை வயதான யூத அடகுக்கடைக்காரர் என்று மாற்றித்தான் எழுதினார். அப்படியும் விடவில்லை. தென் மாநிலங்களின் வெள்ளை இனவெறிச் சங்கங்கள் 'புறக்கணிப்போம்' என்று மிரட்ட, ஸ்பான்ஸரான யு.எஸ். ஸ்டீல் தரப்பு நடுங்கிவிட்டது. எனக்குப் புரியவில்லை. கோபம் வந்தால் தெற்கத்திக் குடும்பத்தலைவி மளிகைக் கடையில் அரை டன் உருக்கு வாங்காமல் திரும்பிவிடுவாளா?

கதை நடக்கிற ஊர் வடக்கே நியூ இங்கிலாந்துக்கு இடம் மாறியது. செத்தவன் யாரோ வெளிநாட்டுக்காரன் ஆனான். கோக் பாட்டில் தெற்கை ஞாபகப்படுத்துமாம், அதையும் தூக்கினார்கள்! 1956-ல் 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்ற பெயரில் அந்தச் சக்கை ஒளிபரப்பானது. 1958-ல் மறுபடி முயன்றார். இந்தத் தடவை கதையே 19-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது.

(இவர் மட்டும் இல்லை. ஏபி மான் எழுதிய நியூரம்பர்க் விசாரணை நாடகத்தில், 1959-ல், நாஜிகளின் விஷவாயுவைப் பற்றிப் பேசும்போது 'கேஸ்' என்ற சொல்லை மௌனமாக்கினார்கள். ஸ்பான்ஸர், கேஸ் கம்பெனிகளின் சங்கம்.)

அந்த வருஷமே ஸெர்லிங் தானே தயாரிப்பாளராகி 'ட்வைலைட் ஸோன்' தொடங்கினார். 1964 வரை 156 எபிசோட்கள். 92 அவர் எழுதியது. மனிதன் பேசக்கூடாததை வேற்றுக்கிரகவாசி பேசினால் ஸ்பான்ஸருக்குக் கவலையில்லை. இதை மகா சாமர்த்தியம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். 'மேப்பிள் ஸ்ட்ரீட்' எபிசோடில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கும் சிலிர்க்கிறதுதான். ஆனால் சாமர்த்தியம் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. பக்கத்து மாநிலத்தில் நடந்த கொலையை ஊர், ஆள், தேதியோடு சொல்ல விடாமல் விண்வெளிக்குத் துரத்தினார்களே, அதற்குப் பெயர் தோல்வி. ஸெர்லிங்குக்கே அது தெரியும். 1959-ல் மைக் வாலஸ் பேட்டியில், இனி நடப்புச் சமூகப் பிரச்னைகளுக்குள் போகப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கணக்கிலும் ஏமாளி. தன் பங்கு உரிமையைத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். மறுஒளிபரப்பில் கொட்டிய பணம் அவர்களுக்கு! அடுத்து வந்த 'நைட் கேலரி'யில் முகம் இவருடையது, அதிகாரம் வேறொருவருடையது.

ட்வைலைட் ஸோன் முடிந்ததும் சில சமயம் அவரே திரையில் வந்து ஸ்பான்ஸரின் சிகரெட்டைச் சிபாரிசு செய்வார். நிஜத்திலும் ஓயாமல் புகைத்தவர். 1975-ல் இதய ஆபரேஷனை ஒட்டி இறந்தபோது அவருக்கு வயது 50.