குறி தவறியதால் அல்ல

ஈழத்தமிழர் மத்தியில் போரியல் ஆய்வாளர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. போர் நடந்த காலத்தில் வாரப் பத்திரிகைகளின் நடுப்பக்கம் அவர்களுக்கே சொந்தம். நான் பணியாற்றிய ஆசிரியபீடத்துக்கும் அவர்களுடைய கட்டுரைகள் கட்டுக்கட்டாக வந்து சேரும். ஆட்லறியின் வீச்செல்லை, மோட்டாரின் குழல் விட்டம், கிபிர் விமானத்தின் வேகம் எல்லாம் அவற்றில் இருக்கும். எறிகணை விழுந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் இருக்காது. 2009 மே மாதத்துடன் இவ்வகை எழுத்து ஓய்ந்துவிட்டது என்று எண்ணியோர் பலர். அது ஓயவில்லை, காணொளிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

அங்கே இப்போது நடக்கும் பட்டிமன்றம் துப்பாக்கியின் மேல் பூட்டும் கண்ணாடி பற்றியது. செம்புள்ளிக் குறிகாட்டி சிறந்ததா, ஹொலோகிராபிக் குறிகாட்டி சிறந்ததா? சுவீடனின் எய்ம்பொயின்ற் ஒரு கட்சி, அமெரிக்காவின் ஈயோரெக் மறு கட்சி. ஓமந்தைக்கு வந்திருந்த என் உறவுக்காரப் பிள்ளை ஒன்று, கனடாவில் வளர்ந்தவர், இந்த விடயத்தில் நல்ல தேர்ச்சி உடையவர். பழைய சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் கடக்கும்போது அவர் சொன்னார்: "மாமா, இஞ்ச நிண்டவங்களிட்ட நல்ல ஹொலோகிராபிக் சைற் இருந்திருந்தா இவ்வளவு அநியாயம் நடந்திராது. சரியான சைற் இருந்தா பிழையான ஆள் சாகமாட்டான்."

அவரைக் குறை சொல்லவில்லை. இக்கருத்தை அவரைவிட மூத்தவர்களும், படித்தவர்களும், பட்டாளத்தில் பதவி வகித்தவர்களும் வெவ்வேறு சொற்களில் சொல்லிவருகிறார்கள். துல்லியம் கூடக்கூட மனிதாபிமானமும் கூடும் என்பது அதன் சாரம். அக்கருத்துக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன். ஆனால் கருவி இன்னதென்று அறியாமல் மறுப்பது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. ஆகவே முதலில் கருவி.

சாதாரணத் துப்பாக்கியில் குறிபார்ப்பவர் மூன்று பொருட்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: பின்னே உள்ள வெட்டு, குழல் முனையில் உள்ள முள், தொலைவில் உள்ள இலக்கு. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகப் பார்க்கும். முள் தெளிந்தால் இலக்கு மங்கும். இந்தச் சிரமத்தைத் தீர்க்க வழி கண்டவர் டப்ளின் நகரில் தொலைநோக்கி செய்துவந்த ஹவார்ட் கிரப். 1900ஆம் ஆண்டளவிலேயே அவர் ஒளியைக் கண்ணாடியில் தெறிக்கச் செய்து, குறி இலக்கின் மீதே மிதப்பதுபோலத் தோன்றவைத்தார். எய்ம்பொயின்ற் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அதே தத்துவத்தின் மின்னணு வடிவம். ஒரு சிறு ஒளியுமிழ் இருவாயி முன்கண்ணாடியின் மீது சிவப்பொளியைப் பாய்ச்சுகிறது. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு அக்கண்ணாடியில் உண்டு. இரு கண்களையும் திறந்தபடி, புள்ளி விழுந்த இடத்தில் சுடலாம். 1997இல் அமெரிக்கத் தரைப்படை இதனை ஏற்றுக்கொண்டது.

ஹொலோகிராபிக் குறிகாட்டியின் பூர்வீகம் வேறு. ஹொலோகிராம் என்னும் கருத்தை 1947இல் கண்டவர் டெனிஸ் கபோர். 1971இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மிச்சிகன் மாநில ஆய்வாளர்கள் அதனைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது 1996இல். வட்டமும் நடுவில் புள்ளியுமான குறியொன்று கண்ணாடிக்கு உள்ளே படலமாகப் பதிவுசெய்யப்பட்டிருக்கும். அதன் மீது லேசர் ஒளி பட்டதும் அக்குறி வெளியே, இலக்கு நிற்கும் இடத்தில் உயிர்பெறும். கண்ணாடியில் பாதி உடைந்தாலும் மீதியில் முழுக்குறியும் தெரியும் என்பது இதன் பெருமை. சிலிண்டர் போட்ட மூக்குக்கண்ணாடி அணிவோருக்குச் செம்புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரிவதுண்டு. ஹொலோகிராமில் அந்தச் சிதறல் பெரும்பாலும் குறைவு. என் வயதுக்காரர்கள் கவனிக்க.

இனி வன்னிக்கு வருவோம். லேசருக்கு மின்சாரப் பசி அதிகம். இன்று பரவலாக விற்கும் ஈயோரெக் ஒன்று ஒரு பற்றரியில் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம் இயங்கும். எய்ம்பொயின்றின் சிறிய வகையொன்று நாணய அளவுப் பற்றரியில் 50,000 மணித்தியாலம், அதாவது ஐந்தாண்டுக்கு மேல், அணைக்காமலே கிடக்கும். பசியை அடக்குவதற்காக ஈயோரெக் எட்டு மணித்தியாலத்தில் தானாகவே அணைந்துவிடும். வேறொரு பொத்தானால் இயக்கினால் நான்கில். காவலரணில் இரவு முழுதும் நிற்பவன் விடியற்புறம் வெறுங்கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். பற்றரியின் அருமையை வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இது.

அடுத்தது வெப்பமும் ஈரமும். லேசரின் அலைநீளம் வெப்பநிலையோடு மாறும். மாறினால் குறி நகரும். அதை ஈடுசெய்ய உள்ளே வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு போதவில்லை என்பது 2015இல் அமெரிக்காவில் அம்பலமானது. கடுங்குளிரிலும் கடுவெப்பத்திலும் குறி விலகுகிறது, ஈரம் உட்புகுந்து குறி மங்குகிறது, இவற்றை அறிந்தும் மறைத்து அரசுக்கு விற்றார்கள் என்று அந்நாட்டு நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஈயோரெக்கும் அதன் தாய் நிறுவனமான எல்-3 உம் 2 கோடியே 56 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. குறி விலகுவதை எஃப்.பி.ஐ. தானே சோதித்துக் காட்டிய பிறகுதான் வாங்கியவர்களுக்குச் செய்தி போனது. அதுவரை அக்கருவியைப் பூட்டியிருந்தவர்களில் எத்தனை பேருடைய ரவை எங்கே போனதோ! ஓகஸ்டில் கொதித்து, மார்கழியில் நாள்கணக்கில் நனையும் இந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், செம்புள்ளிதான் என்பேன். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எதன் மேல் பூட்டுவது? இந்நாட்டில் சோதனைச்சாவடி என்றதும் நினைவுக்கு வருவது ரி-56. கலாஷ்னிகோவின் சீனப் பிரதி. அதன் மேல்மூடி மெல்லிய தகடு. துப்புரவு செய்யும் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டப்படுவது. அதன் மேல் எதைப் பொருத்தினாலும் சரிசெய்த குறி நிலைக்காது. ரஷ்யத் துப்பாக்கிகள் பலவற்றில் இருக்கும் பக்கத் தண்டவாளம் வழமையான ரி-56இல் இல்லை. முன்பிடியையோ வாயுக்குழாய் மூடியையோ மாற்றினால்தான் இடம் கிடைக்கும். அப்படிப் பாடுபட்டுப் பூட்டினாலும் வேறொரு கணக்கு இருக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்போம். நூறு மீற்றர் தொலைவில் ஒரு கலை ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றர். ஹொலோகிராமின் நடுப்புள்ளி ஒரு கலை, செம்புள்ளி பெரும்பாலும் இரண்டு கலை என்பதே பட்டிமன்றத்தின் உச்சக்கட்ட வாதம். ரி-56 வகைத் துப்பாக்கியை இறுக்கிப் பூட்டிவைத்துச் சுட்டாலும் ரவைகள் நான்கு கலை அளவுக்காவது பரந்து விழும். குழல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் சிதறும்போது கண்ணாடி மூன்று சென்ரிமீற்றரைப் பற்றி வாதிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இடையில் ஒன்று. வன்னியில் இன்று துவக்கு என்ற பேச்சு எழுவது பன்றியாலும் குரங்காலும் யானையாலும்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்றவர்களும் உண்டு. கயிற்றில் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்களும் உண்டு. கட்டுத்துவக்கு குறியே பார்க்காது. கயிற்றை இழுத்தது பன்றியின் காலா, தேன் எடுக்கப் போனவனின் காலா என்று அதற்குத் தெரியாது. வயற்காவலுக்குப் போகும் கமக்காரருக்காவது செம்புள்ளி உதவாதா என்று கேட்கலாம். புள்ளி எங்கே சுடுவது என்பதைக் காட்டும். புதருக்குள் அசைவது எது என்பதைக் காட்டாது. அதற்கு வேண்டியது தலையில் கட்டும் ஒரு நல்ல லைற். அது வவுனியாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கமக்காரரின் புதரைப் பற்றிச் சொன்னது சோதனைச்சாவடிக்கும் பொருந்தும். துல்லியம் அப்பாவிகளைக் காக்கும் என்போர் தூத்துக்குடியைப் பார்க்கட்டும். 2018 மே 22ஆம் திகதி, ஸ்ரெர்லைற் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது தமிழகப் பொலிஸார் சுட்டனர். 13 பேர் இறந்தனர். பொலிஸ் வாகனத்தின் கூரையில் மஞ்சள் மேற்சட்டையுடன் ஒருவர் படுத்து, நிதானமாகக் குறிபார்க்கும் படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. இறந்தோரில் பலர் தலையிலும் மார்பிலும் சூடு பட்டவர்கள். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 ஒக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. தப்பியோடியவர்கள் சுடப்பட்டார்கள் என்று அது சொல்கிறது. அங்கே குறி தவறியதாக யாரும் முறையிடவில்லை. குறி சரியாக இருந்ததே முறைப்பாடு.

எமது பக்கம் கொக்குவில். 2016 ஒக்டோபர் 20 இரவு, குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். விபத்து என்றே முதலில் செய்தி பரவியது. பிரேத பரிசோதனையில் சூட்டுக்காயம் தெரிந்த பின்னரே பொலிஸார் ஐவர் கைதானார்கள். மறித்தும் நிற்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நிற்காமல் போகும் மோட்டார் சைக்கிளைச் சுடலாமா என்ற கேள்விக்கு எந்தக் கண்ணாடியில் விடை எழுதியிருக்கிறது? அந்த விடை 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றிச் சுடலாகாது. தம்மை இன்னாரென்று அறிவிக்க வேண்டும். சுடப்போவதைத் தெளிவாக எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கைக்குச் செவிசாய்க்க நேரம் கொடுக்க வேண்டும். இவை ஒரு பக்கத்தில் அடங்கும், பற்றரி வேண்டாதவை. வெலிவேரியவில் 2013இல் குடிதண்ணீர் கேட்ட சிங்கள மக்களுக்கும், ரம்புக்கனவில் 2022இல் எரிபொருள் விலைக்காகத் தெருவில் இறங்கியவர்களுக்கும் கிடைத்தது ரவைதான். தமிழரின் பிரச்சினை மட்டும் இது என்று எவரும் தள்ளிவைக்க முடியாது.

ஓமந்தைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அந்த இளைஞர் சுட்டிக்காட்டிய இடம் இது. 1999 நவம்பரில் இராணுவம் பின்வாங்கி வந்து நிலைகொண்டதும் ஓமந்தை முன்னரங்கானது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது இங்கே படையினரின் சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, இடையில் சூனியப் பிரதேசம். அந்த ஆண்டுகளில் இவ்வழியே போய்வந்தவர்கள் பையைத் திறந்து காட்டி, பெயரைச் சொல்லி, அடையாள அட்டையை நீட்டி நின்றார்கள். துப்பாக்கிக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது ஒரு மேசை. அந்தத் தொலைவில் எந்தக் குறிகாட்டியும் தேவைப்படாது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எதிரே நிற்பவரின் கண்ணிமை தெரியும்.

2009இல் முல்லைத்தீவுக் கடலோரத்திலிருந்து தப்பி வந்த மக்கள் கொண்டுவரப்பட்டதும் ஓமந்தைக்கே. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. தாய்மார் தம் கையாலேயே பிள்ளைகளைக் கூட்டிச் சென்று ஒப்படைத்தார்கள். பெயர் எழுதப்பட்டது. பேருந்தில் ஏற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. 2010, 2011ஆம் ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தவர்கள் ஓமந்தை என்ற பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்பிள்ளைகளில் ஒருவரையும் யாரும் ஆள் மாறிச் சுட்டதாகச் சொல்லவில்லை. ஆள் இன்னாரென்று தெரிந்து, பெயர் கேட்டு எழுதிய பிறகே அவர்கள் காணாமற்போனார்கள்.

சாவடி 2015 ஓகஸ்டில் அகற்றப்பட்டது. இப்போது பேருந்துகள் அவ்விடத்தில் வேகம் குறைப்பதில்லை. 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வவுனியா வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு ஜூனில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வடக்கின் தாய்மாரைச் சந்தித்தார். இறுதிப் போரில் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடச் செய்வதாக வாக்களித்தார். அந்தப் பட்டியல் அவர்களுடைய கைக்கு வரவில்லை.