கோப்பின் ஜாதகத்தை நம்பலாமா?

ஒவ்வொரு வேர்ட் கோப்புக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எழுதியவர் பெயர், கடைசியாகத் திருத்தியவர் பெயர், உருவான தேதி... எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள்.

இதன் மகிமைக்கு எல்லோரும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் விச்சிட்டா பகுதியில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன் டென்னிஸ் ரேடர். 2005-ல் உள்ளூர் டிவி நிலையத்துக்கு ஒரு ஃப்ளாப்பி அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த வேர்ட் கோப்பின் மெட்டாடேட்டாவில் ஒரு சர்ச்சின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் இருந்தன. மாட்டிக்கொண்டான்!

ஆனால் பாதிப் பேர் சொல்லாமல் விடுவது இதைத்தான்: போலீஸ் அந்தப் பெயரை மட்டும் வைத்துக் கைது செய்யவில்லை. அவன் மகளின் டி.என்.ஏ.வை, கொலை நடந்த இடத்தில் கிடைத்ததோடு ஒப்பிட்ட பிறகே பிடித்தார்கள். மெட்டாடேட்டா கொடுத்தது வெறும் துப்பு.

ஏன் இந்த ஜாக்கிரதை? டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில் இந்த விவரமெல்லாம் சாதா எழுத்தாகக் கிடக்கிறது. பைதான்-டாக்எக்ஸ் என்ற இலவச லைப்ரரியை வைத்து நாலு வரி நிரலில் படித்துவிடலாம். அதே நாலு வரியில் மாற்றியும் எழுதலாம்! பெயர், தேதி எதற்கும் பூட்டு கிடையாது. இன்னொரு வேடிக்கை: அந்த லைப்ரரியில் இன்று புதுக் கோப்பு உருவாக்கி எதையும் மாற்றாமல் விட்டால், அது பிறந்தது 2013 டிசம்பர் என்று காட்டும். உள்ளே இருக்கும் மாதிரிக் கோப்பின் தேதி அப்படியே வந்துவிடுவதுதான் காரணம்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். புராஜெக்ட் ரிப்போர்ட்டின் 'ப்ராப்பர்டீஸ்' பகுதியில் வேறு பெயர் இருக்கிறது, ஆகவே காப்பி என்று ஒருவர் முடிவுகட்டினால் என்ன ஆகும்? சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானே டைப் செய்த மாணவி மாட்டுவாள். நிஜமாகவே காப்பியடித்து, நாலு வரியில் பெயரை மாற்றியவன் தப்பிப்பான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், திருத்தங்களைப் பதியும் வசதியை அணைக்கவே முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. வைத்திருப்பவரே தடயமில்லாமல் மாற்றக்கூடிய பதிவை ஆடிட்டர் எப்படி நம்புவார்?

சந்தேகம் வந்தால் மெட்டாடேட்டாவைப் பாருங்கள், தப்பில்லை. அதன் பிறகு அந்த மாணவியை எதிரே உட்காரவைத்து ரிப்போர்ட்டிலிருந்து ஐந்து கேள்வி கேளுங்கள். எழுதியது யார் என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.