கட்டணமற்றதும் கட்டற்றதும்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்வீட்டுப் பிள்ளை, திரைப்படம் பார்ப்பதற்கென்று இலவச மென்பொருளொன்றைத் தேடி, கண்ணில் முதலிற் பட்ட பச்சைப் பொத்தானை அழுத்தி இறக்கிக்கொண்டதன் பலனாக, மறுநாட்காலை மடிக்கணினியைத் திறந்த இடமெல்லாம் சூதாட்ட விளம்பரங்கள் முளைத்து நிற்க, தாயாரின் முகத்தைப் பார்க்கக் கூசி என்னிடம் ஓடிவந்தான். அவன் தேடியது பாரிஸ் நகரத்து மாணவர்கள் தொடக்கிவைத்த வி.எல்.சி. என்னும் நல்ல மென்பொருள். கிடைத்ததோ அதன் பெயரைச் சூடிக்கொண்ட வேறொன்று. காசு கேளாமற் கொடுப்பவர்களெல்லாம் தர்மவான்கள் என்ற நம்பிக்கை காலி வீதி நடைபாதையில் நமக்கு ஒருநாளும் வருவதில்லை. இணையத்தில் மட்டும் எங்ஙனம் வந்து சேர்ந்ததோ அறியேன்.

1983ஆம் ஆண்டில் றிச்சர்ட் ஸ்டோல்மன் தமது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பித்தபோது, விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்கியமையால், தாம் சொல்வது விடுதலையைத்தான் என்று ஓயாது விளக்கிக்கொண்டிருக்க வேண்டியவரானார். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் என்பது ஒன்று; கட்டற்றது என்பது வேறொன்று. விரும்பிய காரியத்துக்கு உபயோகிக்கவும், மூலநிரலைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறருக்குப் பிரதி கொடுக்கவும் சுதந்திரம் உள்ளதே கட்டற்ற மென்பொருள். பேதத்தைக் காட்டும் சொல்லிரண்டும் கையிலிருந்தும் நாம் முன்னதை மாத்திரமே தேடுகிறோம் என்பதே என் முறைப்பாடு.

இதற்குத் தூரதேசத்து உதாரணம் வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த ஸ்தாபனம் எவ்விடத்தில் என்ன உதவி செய்கிறது என்ற விபரமெல்லாம் கடதாசித் துண்டுகளிற் சிதறிக் கிடந்த வேளையில், லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சார்ந்த தொண்டர்கள் கொழும்பிலே உட்கார்ந்து எழுதியதுதான் ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதன் மூலநிரலை அவர்கள் பூட்டி வைக்காதபடியால், மறுவருஷம் பாகிஸ்தானின் பூகம்பத்தின்போதும், 2006இல் ஜாவாவின் யோக்யகர்த்தா பூகம்பத்தின்போதும் அங்குள்ளோர் அதை எடுத்து உபயோகித்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கே வழங்கிற்று. அது பிறந்த நகரத்திலிருந்து மென்பொருள் தேடப் புறப்படும் நம்மிற் பலர் அதன் பெயரையும் அறியார்.

தேடும் விதமும் கடினமன்று. ஆக்கியோரின் சொந்தத் தளத்தைவிட்டு வேறிடத்தில் இறக்கலாகாது. சோர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பேர்பெற்ற களஞ்சியமே 2015இல் படம் திருத்தும் ‘கிம்ப்’ மென்பொருளோடு விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டிப் பெருங் கண்டனத்துக்கு உள்ளானது. உரிமத்தின் பெயரையும், கடைசிப் பதிப்பு வெளிவந்த திகதியையும் பார்க்க வேண்டும். பல வருஷமாகத் தீண்டப்படாது கிடப்பதைத் தவிர்ப்பது உசிதம். எல்லாவற்றிலும் முக்கியமாக, இதில் எழுதிவைத்த கோப்பு நாளைக்கு வேறொன்றிலும் திறக்குமா என்று கேட்க வேண்டும். களவுப் பிரதி இருக்க இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை அவர்களுக்கு நினைவூட்டுவதில் பிரயோசனமில்லை என்பது என் அனுபவம்.

கோப்பு திறக்குமா என்ற கேள்விக்கு மீண்டும் வருவோம். கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இருபது வருஷத்துக் கல்யாண அழைப்பிதழ்களும் கோவில் மலர்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கின்றன. அம்மென்பொருளின் கடைசிப் பெரும்பதிப்பு வெளிவந்தது 2001இல். அவருடைய புதுக் கணினியில் அது ஏறமாட்டேன் என்றது. போன சனிக்கிழமை கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஓஃபிஸை நிறுவி ஒரு கோப்பைத் திறந்தேன். முதலில் வந்தது ஆங்கில எழுத்துக் குவியல். அக்காலத்தில் நம்மவர் பெரும்பாலும் உபயோகித்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி வைத்ததேயன்றி வேறில்லை. யுனிகோட்டில் எழுதியிருந்தால் இந்த இக்கட்டு நேர்ந்திராது. இன்றைக்கு அப்படி எழுத விரும்புவோருக்கு எ-கலப்பை முதலிய தட்டச்சு மென்பொருள்கள் கட்டற்றவையாகவே கிடைக்கின்றன. பாமினியைத் தேடி ஏற்றியதும், ஒரு பெரியவருடைய கல்வெட்டின் முதற்பக்கம், வரிகள் சற்றே இடம்பெயர்ந்து, ஆனால் பெயரும் ஊரும் பிழையின்றி வந்து நின்றது. நண்பர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மிச்சச் சீடிப் பெட்டியளையும் எடுத்து வைக்கிறன் அண்ணை, நாளைக்கும் வாருங்கோ” என்றார்.