ஒட்டிய விரல்: மருமகளைத் திட்டாதீங்க!

பிரசவம் சுகமாக முடிந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் பிஞ்சுக் கையை விரித்துப் பார்த்த பாட்டியின் முகம் கறுத்துவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டு இருந்தன!

வடமதுரை பக்கம் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதல் விசாரணை மருமகளிடம்தான். "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா? அரிவாள்மனையைத் தொட்டியா?" போலீஸ் ஸ்டேஷன் தோற்றது போங்கள்.

குற்றவாளி கிரகணம் அல்ல. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி ஒரே தகடாகத்தான் இருக்கிறது. 6-வது வாரத்தில் இருந்து 8-வது வாரத்துக்குள் இடையில் உள்ள சதை தானாக மறைந்து, விரல்கள் பிரிகின்றன. அது மறையாமல் நின்றுவிட்டால் ஒட்டிய விரல். தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரிய வரும்! சுமார் 2 ஆயிரம், 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி. ஆண் குழந்தைகளுக்கு அதிகம். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். மருமகளை விசாரிக்கும் மாமனார் தன் கால் விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

விசாரணையை விட மோசம், வீட்டு வைத்தியம். "தோல்தானே, பிளேடால் கீறி விட்டால் போச்சு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். வேண்டவே வேண்டாம்! உள்ளே எலும்பும் சேர்ந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ரத்தக்குழாயும் நரம்பும் பொதுவாக இருக்கலாம். கீறினால் சீழ் பிடிக்கும். ஆறும்போது மறுபடி ஒட்டி, விரல் கோணிவிடும்.

டாக்டர்கள் நேர்கோடாக வெட்டுவதில்லை. வளைந்து வளைந்து வெட்டுகிறார்கள். தோல் பற்றாத இடத்துக்கு உடம்பில் வேறு இடத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில் ஆபரேஷன். கட்டை விரலோ சுண்டு விரலோ பக்கத்து விரலோடு ஒட்டி இருந்தால் காத்திருக்கக் கூடாது. நீள விரலைக் குட்டை விரல் இழுத்து வளைத்துவிடும். 6 மாத வாக்கிலேயே செய்ய வேண்டி வரும். ஒரே விரலின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பிரிக்க மாட்டார்கள். ரத்த ஓட்டம் நின்றுவிடும். கால் விரல் என்றால் பெரும்பாலும் ஆபரேஷனே தேவையில்லை.

இதற்கு சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடசாமி கைக்கென்றே தனிப்பிரிவு தொடங்கியது பழைய கதை. இன்று மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. முதலில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டி, சீட்டு வாங்கிப் போகலாம்.

ஆபரேஷனை விட அலைச்சல்தான் ஏழைக்குப் பெரிசு. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்குப் போகிற தாய்க்கு ஒருநாள் மதுரை போனால் ஒருநாள் கூலி போச்சு. கட்டுப் பிரிக்க, மறுபடி காட்ட என்று பல நடை. "வளர்ந்தா பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வது இதனால்தான். பூக் கட்டவும் பூட்டு ராவவும் பத்து விரலும் வேண்டிய ஊர் இது.

பிரசவ வார்டிலேயே நர்ஸ் அம்மா இரண்டு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது: "இது உன் தப்பு இல்லேம்மா. ஒரு வயசுக்குள்ள மதுரைல காட்டிடு." எந்த டாக்டர், எந்தக் கிழமை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க அரசுக்கு என்ன செலவு? பக்கத்தில் மாமியாரையும் நிற்க வைத்துச் சொல்ல வேண்டும்.