துளசி ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதானா?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கல்லடியும் களுவாஞ்சிகுடியும் கடலோர மணலில் அமைந்தவை. வவுணதீவும் கொக்கட்டிச்சோலையும் வயல் சூழ்ந்தவை. இரு கரைகளிலும் வீட்டு முற்றங்களில் துளசி வளர்கிறது. பெயர் ஒன்றுதான். ஆனால் மருந்தும் ஒன்றுதானா? மூலிகை வளர்ப்பைப் பற்றி மேடைகளில் நிறையவே பேசுகிறோம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அதுவே என் ஆதங்கம்.

இலையின் வாசனைக்குக் காரணம், அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் உருவாகும் ஆவியாகும் எண்ணெய். அது தனியொரு பொருள் அன்று. பல சேர்வைகளின் கலவை. அவற்றுள் எது மேலோங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது செடியின் மரபணு. இயூஜினோல் என்ற சேர்வையை மெதைல் இயூஜினோலாக மாற்றும் நொதியம் ஒன்று உண்டு. அது முனைப்பாகச் செயற்படும் செடியில் இரண்டாவது பொருள் மிகும். மந்தமாக இருந்தால் முதலாவது மிகும். துளசியில் இவ்விரு வகைகளும் இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று.

இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2023ஆம் ஆண்டு மெதைல் இயூஜினோலை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் சேர்த்தது. அந்த வரிசை ஆபத்தின் தன்மையைச் சொல்வதேயன்றி, எவ்வளவு உட்கொண்டால் தீங்கு என்று சொல்வதன்று. ஆகவே நாலு இலையைக் கிள்ளித் தேநீரில் போடுபவர் கலங்க வேண்டியதில்லை. செறிவான எண்ணெயை வடித்துப் போத்தலில் அடைத்து விற்பவரோ, தம் செடி எந்த வகை என்று அறிந்தேயாக வேண்டும்.

மரபணுவுக்கு அடுத்தது சூழல். வெயில், வரட்சி, மண்ணின் உவர், இலையின் வயது, பறித்த வேளை, உலர்த்திய விதம் ஆகிய அனைத்தும் எண்ணெயின் அளவையும் சேர்க்கையையும் மாற்ற வல்லவை. வாவி நீரோ வடகீழ்ப் பருவமழையில் உவர் தணிந்து, கோடையில் உவர் ஏறும் இயல்புடையது. செடியின் உறுப்புக்கேற்பவும் எண்ணெய் மாறும். நம் நாட்டுக் கறுவாவில் பட்டையின் எண்ணெயில் சினமல்டிகைட்டும், இலையின் எண்ணெயில் இயூஜினோலும், வேர்ப்பட்டையின் எண்ணெயில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன. மூன்றும் ஒரே மரம்!

தென் பிரான்சின் மொன்பெலியே பகுதியில் தைம் என்னும் செடி பற்றி நடந்த ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. ஒரே இனத்துக்குள் ஆறு இரசாயன வகைகள் அங்கே உண்டு. கடும் உறைபனி விழும் பள்ளத்தாக்கில் சில வகைகளும், வெப்பமான சரிவுகளில் பீனோல் வகைகளும் வாழ்வதை 1970களில் பதிவு செய்தார்கள். பின்னர் குளிரின் கடுமை தளரவே, முன்பு இல்லாத இடங்களிலும் பீனோல் வகைகள் தோன்றியிருந்ததாக 2013இல் வெளியான ஆய்வு கூறியது. பழைய பதிவு இருந்ததால்தான் இந்த மாற்றம் தெரியவந்தது.

நம்மிடம் அத்தகைய பதிவு எங்கே? யுத்தம் ஊர்களைப் பெயர்த்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் அழித்தது. முற்றங்களோடு போன செடிகளை யார் கணக்கெடுத்தார்கள்? வேறிடத்து நாற்றைக் கொண்டுவந்து நட்டால் துளசி என்ற பெயர் மீளும். போன வகை மீளுமென்பது நிச்சயமில்லை. இனம் அழியாமலே அதன் ஒரு வகை அழிந்துபோகலாம்.

மூலிகை பறிக்க நிலமும் பருவமும் வேளையும் பார்த்த நம் பரம்பரை வைத்தியர்களின் கட்டுப்பாட்டில் காரணம் இருந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. இரு கரைகளின் மூலிகைகளையும் ஊர், மண், மாதம், உறுப்பு ஆகிய விபரங்களுடன் சேகரித்து, எண்ணெயைப் பகுத்துப் பட்டியலிடுவது அவர்களால் இயலாத காரியமன்று. வகை தெரிந்த தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு விவசாயிக்குக் கொடுப்பது அதற்கடுத்த படி. மூத்த வைத்தியர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைத் தொடங்குவது நல்லது.